வழியில் நிற்கும் வண்டி

எங்கள் ஸ்டேஷனுக்கும் லைன் முடிகிற கடைசி ஸ்டேஷனுக்கும் நடுவே பதினெட்டு கிலோமீட்டர். அந்தப் பதினெட்டு கிலோமீட்டரில் இருபத்திரண்டு வருடமாக ஒரு வண்டி வந்துகொண்டே இருந்தது. இது நான் சொல்வதல்ல, ரெஜிஸ்டர் சொல்வது. நேரில் போய்ப் பார்த்தால் முட்செடிதான் இருக்கும்.

விஷயம் இதுதான். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி போனால் என்ன ஆகும் என்று படிக்காதவனுக்கும் தெரியும். அதற்காகத்தான் டோக்கன். காகிதம் என்று நினைக்க வேண்டாம், கைக்கு அடங்குகிற இரும்புக் குண்டு. இரண்டு ஸ்டேஷன் பெயரும் அதில் வெட்டியிருக்கும். குண்டு எந்த டிரைவர் கையில் இருக்கிறதோ அவன் வண்டிக்குத்தான் லைன். வண்டி வந்து சேர்ந்ததும் குண்டை வாங்கி மாஸ்டர் அறையில் இருக்கும் மிஷினில் போட வேண்டும். போடாதவரை வண்டி வழியில் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

லைனை மூடிய அன்று கடைசி வண்டி அந்தக் கோடியிலிருந்து கிளம்பிவிட்டது. அது வந்து சேரும்வரை ரயில்வே கிடங்கு ஆட்களுக்குப் பொறுக்கவில்லை. மிஷினைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிறவன். டிரைவர் நீட்டிய குண்டை வாங்கிக்கொண்டு மாஸ்டர் அறைக்குப் போனால் மிஷின் இருந்த இடத்தில் நான்கு ஓட்டை. ஸ்டேஷன் மாஸ்டர் பெட்டி படுக்கையோடு நின்றார்.

"எங்க சார் போடறது?"

"என் தலையில போடு. நீயே வச்சிருய்யா, யாராவது வந்து கேப்பாங்க."

அதே வண்டியில் ஏறிப் போய்விட்டார். கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்தில்லாமல் ஒரு பொருளை என் கையில் திணிப்பவன், நாளைக்கு நான் திருடிவிட்டேன் என்பான். அவருடைய ரெஜிஸ்டரோடு சேர்த்துக் குண்டை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

எனக்கு ரயில்வே வீடு கொடுத்த உத்தரவில், லைன் ஒப்படைக்கப்படும் வரை இருக்கலாம் என்று ஒரு வரி. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். மூன்று பேரும் ஒரே மாதிரி படித்ததால் நம்பினேன். குண்டு திரும்பாமல் லைனை ஒப்படைக்க முடியாது. நான் ரிட்டயர் ஆன பிறகும் ஒருவனும் வந்து சாவி கேட்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜீப்பில் ஒரு என்ஜினியர் வந்தாள். சின்னப் பெண். ஷூ நிறைய முள்.

"ஐயா, அந்த டோக்கன் உங்ககிட்ட இருக்கறதா சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாருக்கும் வேற வேலை இல்ல."

தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு ரோடு போடப் போகிறார்களாம். ஃபைல் நாலு வருடமாக நகரவில்லையாம். "எந்த மேஜைக்குப் போனாலும் அந்த வண்டி என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க ஐயா. ஒருத்தர், செத்தவங்க எத்தனை பேருன்னு எழுதிக் கேட்டிருக்கார்."

வாசலில் நின்றிருந்த என் மனைவி, "குண்டைக் குடுத்துட்டா நாங்க எங்க போறது?" என்றாள்.

"பையன் வீடு இருக்குன்னு சொன்னாங்களேம்மா."

"அதையும் சொல்லிட்டாங்களா?"

பையன் வீடு இருக்கிறது. அங்கே மருமகளும் இருக்கிறாள். இவளும் அவளும் ஒரே சமையலறைக்குள் போவதானால் அதற்கும் ஒரு டோக்கன் வேண்டும். இவள் போன தடவை நாலு நாள் இருந்துவிட்டு, இனி அந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள். சொன்னால் சொன்னதுதான்.

"குண்டை ஸ்டேஷன் மாஸ்டர் கையிலதான் குடுப்பேன். அதுதான் ரூல்," என்றேன்.

"இங்க ஸ்டேஷன் மாஸ்டரே கிடையாதே?"

"அது என் தப்பா?"

ஜீப் போய்விட்டது. அன்று மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

போன திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தாள். கையில் ஒரு காகிதம். அன்று ஒரு நாளைக்கு மட்டும் அவள்தான் எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர்.

"பதினஞ்சு நாள் ட்ரெய்னிங் போய்ப் பரீட்சை எழுதினேன் ஐயா. உங்க புண்ணியத்துல."

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முத்திரை சரியாகத்தான் இருந்தது. அந்த வழியாகப் போன பால்காரனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் சொன்னதையேதான் அவனும் படித்தான். சரி, பரீட்சை எழுதியவர்கள் எல்லாம் வேலை தெரிந்தவர்களா என்ன? குண்டை எடுத்து நீட்டினேன். தெரியாதவன் வாங்கியதும் பைக்குள் போட்டுக்கொள்வான்.

அவள் போடவில்லை. கட்டை விரலால் துருவைத் துடைத்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள். இரண்டு பெயரையும் உரக்கப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் விரலை மூடினாள்.

ரெஜிஸ்டரைப் பிரித்துப் பேனாவை எடுத்தவள், கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வால் விளக்கு பாத்தீங்களா?"

கடைசிப் பெட்டியின் பின்னால் தொங்குகிற விளக்கு அது. அதைப் பார்த்தால்தான் வண்டி முழுசாக வந்தது, பெட்டி எதுவும் கழன்று வழியில் நிற்கவில்லை என்று எழுத முடியும். பார்த்தவன் நான் ஒருவன்தான். பார்க்கவில்லை என்று சொன்னால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஃபைல் என் காலத்தில் நகராது. கதவுக்குப் பின்னால் மனைவி தொண்டையைச் செருமினாள்.

நான் யாரையும் நம்புகிறவனல்ல. ஆனால் முப்பத்தொரு வருடம் அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலை நம்பித்தான் அடுத்த வண்டியை விட்டார்கள்.

"பாத்தேன்," என்றேன்.

எழுதினாள். "தாமதம்னு ஒரு கட்டம் இருக்கே ஐயா, அதுல என்ன எழுத?"

"இல்லைன்னு எழுதுங்க. வண்டி நேரத்துக்குத்தான் வந்துச்சு. நீங்கதான் லேட்டு."

கையெழுத்துப் போட்டாள். நானும் போட்டேன். முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸையும் அப்போதே, தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். அதற்கும் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். வேலை தெரிந்த பெண்தான்.

ஜீப் சத்தம் அடங்கும்வரை மனைவி பொறுத்திருந்தாள்.

"பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?"

"பாத்தேனே."

"பொண்ணைக் கண் கலங்காம வச்சுக்குவேன்னு எங்கப்பாகிட்ட சொன்னீங்களே, அப்ப மட்டும் நல்லா வந்துச்சே?"

 மூன்று நாள் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. நாலாம் நாள் காலையில் அவளே ஆரம்பித்தாள்.

"பையன் புது வீட்டுக்கு மாறினானே, அது எத்தனாவது மாடி?"

"மூணாவது."

"லிஃப்ட் இருக்கா?"

"இருக்காம். நமக்குத் தனி ரூம், அதுக்குள்ளயே சின்னதா ஒரு அடுப்பு மேடைகூட இருக்குங்கறான்."

"அவன் ஆயிரம் சொல்லுவான். நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் யோசிக்கறேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.