பூட்டு கத்தினால் ஜீரோ

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அது வருகிற வழி எனக்கே நன்றாகத் தெரியும். முதலில் வலது கால் ஆட ஆரம்பிக்கும். அப்புறம் பேனா மூடியைக் கடிப்பேன். அந்த நேரம் பார்த்து யாராவது "ரிலாக்ஸ் லா" என்பார்கள், அவ்வளவுதான், தொலைந்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் என் கால் ஆடிக்கொண்டிருந்தபோது வள்ளி ஆன்டி போன் செய்தார். காப்பாரில் அம்மாவுக்குப் பக்கத்து வீடு அவர்.

"புனிதா, வேன் இன்னும் வரலம்மா. அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. காலெல்லாம் வீங்கிக் கெடக்கு."

"ரோடு ஜாமா இருக்கும் ஆன்டி. வந்துடும்."

"சனிக்கிழமையும் இப்படித்தானே வரல. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசினேனே! மடிக்கணினியைத் தட்டிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "நேத்து போயிட்டு வந்தீங்களா?" என்று கேட்டேன். "ம், எல்லாம் ஆச்சு" என்றார். "ஏன் மூச்சு வாங்குது?" என்றேன். "படி ஏறி வந்தேன், அதான்" என்றார். சரி என்று வைத்துவிட்டேன்.

என் அம்மா தங்கமணிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் சென்டருக்குப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் தேங்கும். அடுத்ததும் தவறினால் அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். அம்மா கடைசியாக மெஷினில் உட்கார்ந்தது போன வியாழக்கிழமை.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், எந்த வேன் எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று தினமும் சொல்வது எங்கள் ஆபீஸ் கணினி நிரல்தான். அதைக் கட்டிக் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மெஷினுக்கு அனுப்புகிறேன், பெற்ற தாய் வாசலில் மூச்சுக்குத் தவிக்கிறாள்.

வேன் ஓட்டும் கார்த்திகேசு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, காப்பாருக்கு ஏன் போகல?"

"என் போன்ல காப்பார் பேரே வரலியேம்மா. சனிக்கிழமையும் வரல. ரூட்டை வேற வண்டிக்கு மாத்திட்டாங்கன்னு நெனச்சேன்."

"லிஸ்டை விடுங்கண்ணே. எங்க இருக்கீங்க?"

"மேரு பக்கத்துல. இப்பவே வண்டியைத் திருப்பறேன், அது பெரிய விஷயமில்ல. ஆனா சென்டர்லயும் இதே லிஸ்ட்தான், பேர் இல்லாதவங்களைக் கடைசியிலதான் எடுக்கறாங்க. சனிக்கிழமை காப்பார் ஆளுங்க மகனோட கார்ல, மருமகனோட கார்ல வந்து, சாயந்தரம் வரைக்கும் பெஞ்சில உட்காந்திருந்தாங்க. உங்கம்மா தாங்குவாங்களா? நான் ஆளைக் கொண்டு போறேன், நீ பேரைக் கொண்டு வா."

நல்ல மனுஷன். நான் பேரைத் தேட உட்கார்ந்தேன்.

எங்கள் நிரல் லிஸ்ப் என்ற மொழியில் எழுதியது. முதலாளி ராதாகிருஷ்ணன், நாங்கள் பாஸ் என்று கூப்பிடுகிறவர், தன் இளவயதில் எழுதியது. அந்த மொழியில் ஒரு சுகம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே உள்ளே கையை விட்டு ஒரு பகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். பாஸ் அப்படியே பழகியவர். வருஷக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டுகிறார். நிறுத்தினால் மறுபடி கிளம்புமா என்று அவருக்கே சந்தேகம் என்பது என் எண்ணம். வெளியே சொன்னதில்லை.

அந்த நிரலுக்குள் பேக்கேஜ் என்று தனித்தனி அறைகள் இருக்கும். ஒரே பெயரில் இந்த அறையில் ஒன்றும் அந்த அறையில் ஒன்றும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று தகராறு வராது. எல்லாருக்கும் பொதுவான பெரிய அறைக்கு பாஸ் 'வண்டி' என்று பெயர் வைத்திருந்தார். யாராவது நினைவில்லாமல் அந்த அறைக்குள் நின்றபடி ஏதாவது எழுதிவிட்டால், ஏற்கெனவே அங்கே அதே பெயரில் இருப்பது சத்தமில்லாமல் அழிந்து புதியது உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் பாஸிடம் சண்டை போட்டு அந்த அறைக்கு நான் ஒரு பூட்டு வைத்தேன். அது திருடனுக்கு வைத்த பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் திறக்கலாம். நம் கை தவறிப் போகும்போது 'நிஜமாகத்தான் செய்கிறாயா?' என்று ஒரு தடவை கத்தும், அவ்வளவுதான்.

கத்திவிட்டு நாலு வழி காட்டும். முதல் வழிக்கு எண் ஜீரோ: பூட்டைக் கண்டுகொள்ளாதே, மேலே போ. கடைசி வழி, விட்டுவிட்டு வெளியே வா.

பாஸ் அந்த அறையில் தினமும் கை வைப்பவர் ஆயிற்றே! தினமும் கத்தியது. தினமும் ஜீரோ தட்டினார். புதிதாய் யார் வந்து "பாஸ், என்னமோ எரர் வருது" என்றாலும், டீயை ஆற்றிக்கொண்டே "ஜீரோ தட்டு" என்பார். எங்கள் ஆபீசில் அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. பிரிண்டர் மக்கர் செய்தால் ஜீரோ தட்டு. மனைவி திட்டினால் ஜீரோ தட்டு. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். பழகினால் எச்சரிக்கையும் காதில் விழாது.

'இந்த வீட்டில் இன்று நிற்க வேண்டுமா' என்பதற்குப் பதில் சொல்லும் பகுதியைத் திறந்து பார்த்தேன். எட்டு வரி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டே வரி. காப்பார் என்றால் 'வேண்டாம்' என்று சொல், மற்றதற்கெல்லாம் வழக்கம் போல. மேலே ஒரு குறிப்பு: தற்காலிகம், ஜுஹைர்.

"ஜுஹைர்!"

அவன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். செலாயாங்கிலிருந்து வருகிறவன். எங்கள் எல்லாரையும் விட வேகமான கை. அந்த வேகத்தைப் பார்த்து நானே பொறாமைப்பட்டிருக்கிறேன். ஹெட்போனைப் பிடித்து இழுத்தேன்.

"காப்பாருக்கு வண்டி போக வேணாம்னு யாருடா எழுதச் சொன்னது?"

"அதுவா அக்கா? புது காப்பார் ரூட் டெஸ்ட் பண்றேன்ல. டெஸ்ட் பண்றப்ப நெஜ வண்டி கெளம்பிடக் கூடாதுன்னு..." திரையைப் பார்த்தான். முகம் வெளுத்தது. "அலாமாக். நான் என் பேக்கேஜ்ல இருக்கேன்னு நெனச்சேன். என் ஸ்கிரீன் 'வண்டி' ரூம்லேயே நின்னிருக்கு."

"பூட்டு கத்தலையா?"

"கத்துச்சு."

"என்ன பண்ணே?"

கீபோர்டின் ஜீரோவைப் பார்த்தான்.

"எங்கம்மா அங்க மூச்சு முட்டிக் கெடக்கறாங்கடா!" என்று கத்தினேன். கீழே பூக்கடைக்காரருக்கே கேட்டிருக்கும். பாஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். சனிக்கிழமையே சென்டரிலிருந்து அவருக்கு வாட்ஸ்அப் வந்ததாம், காப்பார் ஆட்கள் பெயர் காணவில்லை என்று. 'நோட்டட், நன்றி' என்று போட்டிருக்கிறார். அதுவும் ஒரு ஜீரோதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், நேரமில்லை.

பழைய எட்டு வரிகள் என் கோப்பில் இருந்தன. எடுத்து ஓடுகிற நிரலுக்குள் அனுப்பினேன். பூட்டு கத்தியது. என் விரல் தானாக ஜீரோவுக்குப் போனது. போனதே! அதைப் பார்த்து எனக்கே திக்கென்றது. கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முதன்முறையாக அந்தச் செய்தியை முழுதாகப் படித்தேன். எந்த அறை, அதில் எந்தப் பகுதி, யார் எழுதியது, எல்லாவற்றையும் அது பாவம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசி வழியைத் தட்டி வெளியே வந்தேன். 'வண்டி'யின் பூட்டை ஒரு வரியில் முறையாகத் திறந்து, எட்டு வரியை வைத்து, மறுபடி பூட்டினேன். பட்டியலைப் புதிதாக எடுத்ததும் காப்பார் பெயர்கள் திரையில் வந்தன. தங்கமணி என்ற பெயரைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

"பேர் வந்துடுச்சுண்ணே" என்று கார்த்திகேசு அண்ணனிடம் சொன்னேன்.

"அம்மா வண்டியில ஏறியாச்சு. பேசக் கூட முடியல அவங்களால. நீ கெளம்பி வா."

ஜுஹைர் கார் சாவியோடு வாசலில் நின்றான். அவனோடு போக எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ரயிலுக்காகக் காத்து நிற்கிற நிலையிலும் நான் இல்லை. ஏறிக்கொண்டேன்.

ஃபெடரல் ஹைவேயில் பத்து தீகா என்கிற இடத்துக்குப் பக்கம் வண்டிகள் நகரவே இல்லை. முன்னால் ஒரு லோரி, அதன் புகை. ஜன்னலை இறக்கினேன், ஏற்றினேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன், உடனே மறுபடி எடுப்பேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, சாரி."

"பேசாதே. ரோட்டைப் பார்."

ரோட்டையே பார்த்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பாஸ் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். "புனிதா, யோசிச்சுப் பார்த்தேன். பூட்டு போட்டும் இப்படித்தானே ஆச்சு? எடுத்துடலாம் லா. தொல்லைதான் மிச்சம்."

"பூட்டு தன் வேலையைச் செஞ்சுது பாஸ். கத்துச்சு. கேக்க வேண்டியவங்க நாம."

"சரி சரி, ரிலாக்ஸ்..."

வைத்துவிட்டேன். ஜுஹைர் மெதுவாக, "அக்கா, ஜீரோவை எடுத்துடலாம்" என்றான். "பூட்டை மீறிப் போகணும்னா எந்த ரூம்ல கை வைக்கிறோமோ அந்தப் பேரை முழுசா டைப் பண்ணணும்னு வெச்சுடலாம். 'வண்டி'ன்னு என் கையால டைப் பண்ணியிருந்தா, ஐயோ இது என் ரூம் இல்லியேன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

நல்ல யோசனைதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், ஆனாலும் நல்ல யோசனை. "சாயந்தரமே செய்" என்றேன். அவன் தலையை ஆட்டினான். அதற்கப்புறம்தான் அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அவனைத் திட்டியது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் அவனை மட்டும் திட்டியது தப்பு.

ஷா ஆலம் தாண்டியதும் போன் அடித்தது. கார்த்திகேசு அண்ணன்.

"மெஷின்ல போட்டாச்சும்மா. போனதும் பேரைப் பார்த்து உடனே உள்ளே கொண்டு போயிட்டாங்க. ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. நெஞ்சில தண்ணி ஏறிடுச்சாம், நாளைக்குன்னு விட்டிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னாரு. இப்ப பரவாயில்ல. அம்மா உன்கிட்ட பேசணுமாம்."

சீட்டில் சாய்ந்தேன். கால் ஆடுவது நின்றிருந்தது. போனில் ஏதோ உரசியது, பிறகு அம்மாவின் குரல், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"எதுக்கும்மா... வேலையை விட்டுட்டு... வர? ஒண்ணுமில்ல."

"சனிக்கிழமை வேன் வரலன்னு ஏம்மா சொல்லல?"

"உனக்கு ஏற்கெனவே... ஆயிரம் டென்ஷன். ஒண்ணுமில்ல, விடு."

ஒண்ணுமில்ல. எத்தனை வருஷமாக அம்மா இதையே சொல்கிறார், நானும் எத்தனை வருஷமாக மேலே போய்க்கொண்டிருக்கிறேன்! அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை பேச்சு முழுதாக நினைவுக்கு வந்தது. படி ஏறி வந்தேன், அதான்.

காப்பார் வீட்டில் படி கிடையாது. மாடி கிடையாது. வாசலில் ஒரே ஒரு படி இருந்தது. அம்மா கால் தடுக்கி விழக் கூடாது, வீல்சேர் ஏற வேண்டும் என்று ஆளை வைத்து அதையும் உடைத்துச் சரிவாகச் சிமெண்ட் பூசியது நான்தான்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை படி ஏறினேன்னு சொன்னீங்களே. எந்தப் படி?"

அந்தப் பக்கம் மெஷினின் பீப் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ டைப் பண்ற சத்தம் கேட்டுது" என்றார் அம்மா. "வாய்க்கு வந்ததை ஏதோ சொன்னேன். நீயும் சரின்னுட்டியேம்மா."