மாமி உட்கார்ந்தால் எரியும் விளக்கு

மெக்கானிக் தம்பிராஜா கார் எஞ்சினின் எண்ணெய்க் குச்சியை உருவித் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பார்த்தான். எண்ணெய் கோடு வரைக்கும் இருந்தது. எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சுவிட்சையும் போன வாரம்தான் புதிதாக மாட்டியிருந்தான். அப்படியும் விளக்கு எரிகிறது என்கிறார் கார்க்காரர் ஷம்சுதீன். எப்போது எரிகிறது என்று கேட்டால் மட்டும், வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்பப்போ" என்கிறார்.

உண்மையில் அவருக்கு நன்றாகவே தெரியும். தனியாகக் கடைக்குப் போனால் எரியாது. மனைவி ஹஸீனா ஏறினாலும் எரியாது. மாமியார் ரோஷன் பீவி முன்சீட்டில் உட்கார்ந்தால்தான், அதுவும் விட்டு விட்டு, எரியும். பின்சீட்டில் அவருக்குத் தலைசுற்றும். அதனால் முன்சீட்டு அவருடையது. ரோஷன் பீவி நல்ல கனத்த உடம்புக்காரர். இந்தச் சங்கதியை எந்த மருமகன் எந்த வாயால் சொல்வான்?

சொல்லாமலும் தீராது. வரும் ஞாயிற்றுக்கிழமை ஹஸீனாவின் தங்கை சபியாவுக்கு நிக்காஹ். தெங்கேரா பகுதியிலிருந்து மாப்பிள்ளையைக் காஜா பெராங்கில் இருக்கும் பெண் வீட்டுக்குத் தன் காரில்தான் அழைத்துவரப்போவதாக ஷம்சுதீன் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் காரில் கட்டிய கொடியைக்கூட அதற்காகவே இன்னும் அவிழ்க்கவில்லை. மாமியோ, சிவப்பு விளக்கோடு மாப்பிள்ளையை ஏற்றிவருவது முசீபத்து, கேடு வரும், வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். சொந்தக் கார் வாசலில் நிற்க, மாப்பிள்ளை வாடகைக் காரில் வந்து இறங்கினால் ஷம்சுதீன் அப்புறம் தெருவில் தலைகாட்ட முடியாது.

ரோஷன் பீவியே துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"என் கனம்தான்னு எல்லாருக்கும் நெனப்பு. சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்ல. நான் ஏறுறேன், பாத்துச் சொல்லு தம்பி."

ஏறி உட்கார்ந்தார். கார் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியது. அப்போது எல்லோருக்கும் வானத்தில் ஏதோ வேலை இருந்தது.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று தம்பிராஜாவே ஓட்டினான். ஹஸீனாவும் ஷம்சுதீனும் பின்னால் உட்கார்ந்தார்கள். தெங்கேரா வரை போய்த் திரும்பினார்கள். விளக்கு எரியவில்லை. மாமி வழியெல்லாம் பிரியாணி அரிசியைப் பற்றி நிம்மதியாகப் பேசிக்கொண்டு வந்தார். இத்தனை நாள் மானத்தை வாங்கிய கார், மெக்கானிக்கிடம் மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதில் ஷம்சுதீனுக்கு வயிறு எரிந்தது.

தம்பிராஜா தலையைச் சொறிந்தான். "எஞ்சினும் அதேதான், அம்மாவும் அதேதான். மாறுனது ஒண்ணுதான், பாய். நீங்க ஓட்டுங்க. நான் பின்னால உக்காந்து பாக்குறேன்."

ஷம்சுதீன் ஓட்டினார். முன்னால் ஒரு வண்டி போனால் அதை முந்துவதற்காகத்தான் கார் வாங்குகிறோம் என்பது அவர் கொள்கை. முதல் வளைவிலேயே விளக்கு எரிந்தது. ஒரு திரிஷா சைக்கிள் ரிக்‌ஷாவை உரசிப் போனபோது மறுபடி எரிந்தது. எதிரே லோரி வர, நெடுநேரம் எரிந்தது. பிரியாணிப் பேச்சு நின்று, மாமி வாய்க்குள் ஓத ஆரம்பித்திருந்தார். தம்பிராஜா எட்டிக் கீழே பார்த்தான். அவன் பார்ப்பதைப் பார்த்து ஷம்சுதீனும் பார்த்தார். மாமியின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடி, தரையை மிதி மிதி என்று மிதித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து, மாமியின் சீட்டுக்கு முன்னால் தரையில் விரித்திருந்த மிதியடியைத் தூக்கினார்கள். காரை முன்பு வைத்திருந்த யாரோ, விளக்குக்குப் போகும் கம்பியை அதன் அடியில் ஓட்டியிருந்தார்கள். மேலுறை தேய்ந்துபோயிருந்தது. அழுத்தினால் கம்பி தகரத்தில் பட்டது. பட்டால் விளக்கு எரிந்தது. தம்பிராஜா டேப் சுற்றி, கம்பியை ஓரமாக ஒதுக்கிக் கட்டினான். மரியாதை தெரிந்தவன். கம்பி தேய்ந்திருக்கிறது, எஞ்சினில் கோளாறு ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் கைகழுவப் போனான்.

அத்தனை நாளும் எரிந்தது எண்ணெய் விளக்கு இல்லை, தான் கார் ஓட்டும் விதத்தைப் பற்றி மாமியின் அபிப்பிராயம் என்பது ஷம்சுதீனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது.

"மாமி, அங்க பிரேக் கெடையாது. கால அழுத்தாதீங்க."

"நீங்க வேகத்தக் குறைங்க மருமவனே. நான் கால எடுக்குறேன்."

அப்படியானால் மாப்பிள்ளை எதில் வருவார் என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்தக் காரிலேயே வரட்டும், ஆனால் முன்சீட்டில் நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு மாமி உள்ளே போனார். மாப்பிள்ளையை அழைத்துவர மாமியாரே போகும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. அதை அவரிடம் எடுத்துச் சொல்லவும் அந்த வீட்டில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவிலிருந்து கார் கிளம்பியது. பின்சீட்டில் மாப்பிள்ளை பூமாலைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து அவர்களை முந்திக்கொண்டு போனார். ஷம்சுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு போகவிட்டார். டாஷ்போர்டு இருட்டாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. வளைவு வந்தது. ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். புதுச் செருப்பு போட்ட மாமியின் கால், மிதியடிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில், மிதிக்கவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல், அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது.