ஃப்ரீடாவின் ஒத்திகை நடை

"பூட்ஸ் கயிறு கட்ட இவ்ளோ நேரமா? பஸ்ஸுலயே கட்டியிருக்கலாம்ல?" என்றாள் ஃப்ரீடா.

லேடிபவர் அணைக்கரையில் எங்களை இறக்கிவிட்ட பேருந்து இன்னும் வளைவைக்கூடத் தாண்டவில்லை. அதற்குள் அவள் வேலிக்கதவைத் திறந்து மேலே ஏற ஆரம்பித்திருந்தாள்.

"எங்கடி ஓடுற? மலை அங்கேயேதான் இருக்கும்."

"மலை இருக்கும். வெயில் இருக்குமா?"

அவள் வெயிலுக்காக ஓடவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் நடைக்குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை யார் வழிநடத்துகிறாரோ, அவர் துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டு அந்த வாரமே அதே பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். இருபது வருடமாக ஃப்ரீடாவுக்கு நான்தான் துணை. ஆனால் ஜனவரியில் அவள் கூட்டிப்போன நடை இழுத்துக்கொண்டே போய், கீழே இறங்கியபோது கடைசிப் பேருந்து போய்விட்டது. எல்லாரும் இருட்டில், மழையில் நின்றோம். நின்றவர்களில் செயலாளர் நெவிலும் ஒருவர்.

அந்த நெவில் நேற்று எனக்கு ஃபோன் செய்தார்.

"மேவிஸ், ஒத்திகைக்கு நீங்கதானே கூடப் போறீங்க? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. ஆறு மணி நேரத்துல முடிச்சாங்கன்னா ஞாயித்துக்கிழமை அவங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுறேன். அவங்களுக்குத் தெரிய வேணாம்."

"பாக்குறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

பாறை விளிம்பை எட்டியபோது எனக்கு மூச்சு வாங்கியது. கீழே அணைத்தண்ணீர் மேல் மேகநிழல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை பழுப்பு ஹெதர் புதர்கள். ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்கள் தலைக்கு மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. முதல் பாறையின் மறைவில் காற்றுக்கு ஒதுங்கித் தேநீர் குடிப்பது எங்கள் பழக்கம். ஃப்ரீடா அந்தப் பாறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீ?"

"அடுத்ததுல."

அடுத்த பாறையிலும் நிற்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்ப்பாள், பத்தடி வைப்பாள், மறுபடியும் பார்ப்பாள். இடது முழங்கால் மடங்காமல் அவள் இடுப்பைத் திருப்பித் திருப்பி நடப்பது பின்னால் வரும் எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும், எனக்குத் தெரிகிறது என்று.

"கால் வலிக்குதா?"

"உன் வாய்தான் வலிக்கப்போகுது. நட."

கற்பலகைப் பாதை தொடங்கும் இடத்தில், புதருக்குள் ஒரு செம்மறி மல்லாந்து கிடந்தது. நிறைசினை; மல்லாந்துவிட்டால் தானாக எழ முடியாது. நாலு காலும் வானத்தைப் பார்க்க, வயிறு உப்பி, உதைக்கக்கூடத் தெம்பில்லாமல். பக்கத்துக் கல்லில் ஒரு காகம் அதன் கண்ணுக்காகக் காத்திருந்தது.

ஃப்ரீடா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள்.

நான் நின்றுவிட்டேன். பனிக்காலத்தில் ஓர் ஆட்டுக்காகக் கழுத்தளவு பனியில் இறங்கியவள் இவள்.

"ஃப்ரீடா! ஆடு!"

"பின்னாடி வர்றவங்க யாராவது பாப்பாங்க."

"வியாழக்கிழமை இங்க யாருடி வருவா? காக்கா கண்ணைப் பிடுங்கிடும்."

அவள் முதுகு அப்படியே நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு ஏதோ கெட்ட வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தாள்.

"தோள்பக்கம் நீ பிடி. ஒண்ணு, ரெண்டு, ம்ம்!"

புரட்டிவிட்டோம். ஆனால் புரட்டியதோடு முடிவதில்லை. வயிற்றுக் காற்று இறங்கிக் காலில் ரத்தம் ஓடும்வரை பிடித்துக்கொள்ளாவிட்டால் மறுபடியும் சாய்ந்துவிடும். ஆளுக்கொரு பக்கமாக முழங்காலை முட்டுக்கொடுத்து, ஈரக் கம்பளியை அணைத்தபடி நின்றோம். ஆடு நீளமாக ஓர் ஏப்பம் விட்டது.

"நெவில் மாதிரியே" என்றாள் ஃப்ரீடா.

சிரித்து முடிப்பதற்குள் என் கோட்டுப் பையில் ஃபோன் அடித்தது. என் இரண்டு கையும் ஆட்டில்.

"எம்பொண்ணாத்தான் இருக்கும். எடுடி."

ஃப்ரீடா எடுத்து ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினாள்.

"மேவிஸ்? நெவில். எப்படி நடக்குறாங்க? ஆறுல முடிப்பாங்களா? பக்கத்துல இல்லேல்ல?"

ஃப்ரீடா என்னையே பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு வாசிக்கும்போது நிற்போமே, அப்படி நின்றாள்.

"ஆறுல முடியாது நெவில்" என்றேன்.

ஃபோன் பிடித்த கை தாழ்ந்தது. நான் வேகமாகப் பேசினேன். "ஏழு மணி நேரம் ஆகும். எனக்கும் ஏழுதான். நோட்டீஸுல ஏழுன்னு போடுங்க. காலையில முந்தின பஸ்ஸுல ஏறினா கடைசி பஸ் எங்கயும் போயிடாது."

"ஏழா? ஜனங்க வருவாங்களா?"

"வர்றவங்க வரட்டும். இப்ப ஓர் ஆட்டைப் பிடிச்சுட்டு நிக்குறோம்."

"ஞாயித்துக்கிழமை ஆடு இருக்காதே?"

"ஏப்ரல்ல, இந்த மேட்டுல, ஆடு இல்லாமலா?"

ஃப்ரீடா ஃபோனைத் தன் வாயருகே கொண்டுபோனாள். "நெவில், ஃப்ரீடா பேசுறேன். பக்கத்துலதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை நடையை நான்தான் கூட்டிட்டுப் போறேன். கடைசி ஆளா நீங்க வாங்க. பின்தங்குறவங்கள நீங்க பாத்துக்கணும். சாண்ட்விச் ஒண்ணு கூடுதலாக் கொண்டு வாங்க."

"சரி... சரி ஃப்ரீடா. ஏழுன்னே போட்டுடுறேன்."

அந்த நேரம் பார்த்து ஆடு எங்கள் இருவரையும் உதறித் தள்ளிவிட்டு, நாலடி தள்ளிப் போய் மேய ஆரம்பித்தது. காகமும் எழுந்து பறந்தது.

"வேவு பாக்கத்தான் வந்தியா?"

"ஆமா."

"ஆறுன்னு ஒரு பொய் சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா ஞாயித்துக்கிழமையும் பஸ் போயிருக்கும். அதுக்கப்புறம் உனக்கு எந்த ஞாயித்துக்கிழமையும் இல்ல."

அவள் ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்கு ஊற்றினாள். தனக்கு ஊற்றிக்கொண்டு, நின்றபடியே இரண்டு வாய் குடித்தாள். கண் மறுபடியும் கடிகாரத்துக்குப் போனது.

"உக்காரேன்டி."

உட்கார்ந்தாள், முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அரைக் கோப்பைகூடக் காலியாகவில்லை, எழுந்துவிட்டாள்.

"கெளம்பு. ஏழுன்னு வாக்குக் குடுத்துட்ட. எட்டாக்கித் தொலைக்காத."