திரையில் வைத்த பொட்டு

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கற்காலம், இரும்புக்காலம் என்று வரிசையாக வந்த மனிதகுல வரலாற்றில் பொத்தான் காலம் இத்துடன் முடிவடைந்தது. ஒரகடம் பக்கம் மின்சாரக் கார் செய்யும் ஒரு கம்பெனியின் இரண்டாவது மாடியில், போர்வை கேட்கிற அளவுக்குக் குளிரூட்டிய அறையில், இந்த அறிவிப்பை வெளியிட்டவர் தேவேந்திரன். காரின் உட்புறத்தை வடிவமைக்கும் பிரிவுக்குத் தலைவர். அவருடைய அட்டையில் அப்படிப் போட்டிருக்காது. 'தலைமை அனுபவச் சிற்பி' என்று போட்டிருக்கும்.

"பொத்தான்ங்கிறது தோல்வியோட தழும்பு," என்றார் சிற்பி. எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பிரிவில் வேலை பார்க்கும் சுகாசினியும் தட்டினாள். சம்பளம் வாங்குகிறவள் தட்டாமல் என்ன செய்வாள்?

சிற்பி செதுக்கிய காரில் ஸ்டியரிங் இருந்தது, அதற்கு அந்தண்டை சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடித் திரை இருந்தது. மற்ற எல்லாம் திரைக்குள். காற்று, குளிர், பாட்டு, வைப்பர், ஜன்னல் கண்ணாடியை இறக்குவதுகூடத் திரைக்குள்தான். கதவுக்கு மட்டும் பழைய மாதிரி ஒரு கைப்பிடி. அதுவும் சட்டம் கேட்கிறதே என்று வைத்தது.

சுகாசினிக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். சோதனைத் தடத்தில் ஒரு டிரைவர் காற்றைக் குறைக்கத் திரைக்குள் தேடிக்கொண்டே போய், ஓரத்தில் நின்ற பிளாஸ்டிக் கூம்பை ஏற்றிவிட்டார். கூம்புக்கு வீடு வாசல் கிடையாது, புகார் வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு அந்த இடத்தில் கூம்பு தெரியவில்லை, சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற ஏதோ ஒரு பிள்ளை தெரிந்தது. திரைக்குக் கீழே நாலே நாலு குமிழ் வைத்தால் போதும், பார்க்காமலே திருகலாம் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மாதிரிக்கு ஒரு சின்னக் குமிழ்ப் பெட்டியும் செய்து வைத்தாள். காரில் செருகினால் வேலை செய்யும்.

"இதைப் பார்த்தா எங்க தாத்தாவோட ரேடியோ ஞாபகம் வருது சுகாசினி," என்றார் தேவேந்திரன். "அந்த டிரைவர் இன்னும் எதிர்காலத்துக்குத் தயாராகல. அவ்வளவுதான் பிரச்சனை."

வெள்ளிக்கிழமை சாயங்காலக் கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் ஜெயக்குமார் கையெழுத்துப் போட்டால், காரின் உட்புறத்தை வார்க்க அச்சு வெட்டப் போய்விடும். அதன்பிறகு நாலு குமிழ் அல்ல, நாலு ஆணிகூட அடிக்க முடியாது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் வண்டிக்கு ஒரு பூஜை போட்டுவிட வேண்டும் என்று ஜெயக்குமாருக்கு ஆசை. எதிர்காலத்துக்கும் எலுமிச்சம்பழம் தேவைப்படுகிறது.

தேவேந்திரனின் சொந்த ஊர் பெரிய காஞ்சிபுரம். அவருடைய அம்மா அம்சவேணி பட்டுச்சேலை சரசரக்க, சந்தனக் கிண்ணத்தோடு ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் காத்திருந்தார். குருக்கள் மாலை போட்டார், சூடம் காட்டினார். பொட்டு வைப்பது மட்டும் அம்சவேணியின் வேலை. எதை வைத்துத் தொழில் நடக்கிறதோ அதற்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அவர்கள் வீட்டில் தறியில் தொடங்கி மிக்ஸி வரைக்கும் எதுவும் தப்பியது இல்லை.

ஸ்டியரிங்குக்கு வைத்தார். பிறகு விரலில் சந்தனத்தோடு அந்தரத்தில் தேடினார்.

"இன்னாடா தேவு, ஒண்ணுமே இல்ல? மொட்டையா இருக்குது. எங்கடா வெக்கிறது?"

"அதாம்மா டிசைனே," என்றார் தேவேந்திரன் பெருமையாக.

"நல்ல டிசைன்," என்று திரையின் நட்டநடுவில், எட்டணா அகலத்துக்குச் சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார் அம்சவேணி.

கார் கிளம்பியது. தேவேந்திரன் ஓட்டினார். பக்கத்தில் அம்மா, வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இறங்கிக்கொள்வார். பின்னால் ஜெயக்குமாரும் சுகாசினியும். சித்திரை வெயில். காந்தி ரோடு முழுக்கக் கல்யாணப் பட்டு எடுக்க வந்த கூட்டம்.

பட்டுக்கடைகளைத் தாண்டுவதற்குள் காருக்குள் வெக்கை ஏறியது. திரைக்கு விரல் எது, ஈரச் சந்தனம் எது என்று பிரித்துப் பார்க்கிற ஞானம் இல்லை. யாரோ விடாமல் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வெப்பத்தை அது பணிவோடு கூட்டிக்கொண்டே போனது. தேவேந்திரன் ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு விரல் இருக்கும்போது ஓரத்து விரலை அது மதிக்கவில்லை.

"வாயால சொன்னா கேக்கும் சார்," என்று ஜெயக்குமாரிடம் சொல்லிவிட்டு, "குளிரைக் கூட்டு," என்று கட்டளையிட்டார்.

"தங்கள் விருப்பத்தைத் திரையில் தொட்டு உறுதி செய்யவும்," என்றது கார், செய்தி வாசிக்கும் குரலில். உறுதி செய்யும் கட்டம் பொட்டுக்கு நேர் அடியில் மலர்ந்தது.

"ஜன்னலையாவது இறக்குங்கய்யா," என்றார் ஜெயக்குமார். ஜன்னலும் அங்கேதான் இருந்தது.

தேவேந்திரன் கைக்குட்டையை எடுத்தார். கை திரைக்குப் போவதற்குள் அம்சவேணி பிடித்துக்கொண்டார்.

"இன்னா பண்ற? வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொட்ட அழிக்கிறியா? உங்கப்பா நல்லா இருக்கணும்னு வேண்டிக்கினு வெச்சது. தானா காஞ்சி உதிரணும்."

கைக்குட்டை திரும்பி வந்து சிற்பியின் நெற்றியைத் துடைத்தது. கண்ணாடி வழியாக அவர் முதலாளியைப் பார்த்தார். "சார், நீங்க வேணா..."

"எனக்கெதுக்குய்யா? உங்கம்மா வெச்சது. இன்னிக்கித்தான் கையெழுத்து வேற போடணும்."

கண்ணாடியிலேயே பார்வை சுகாசினி பக்கம் நகர்ந்தது. "சுகாசினி, உங்க வீட்ல சர்ச்சுக்குத்தான போறீங்க? உங்களுக்கு இது ஒண்ணும்..."

ரெண்டு வருஷத்தில் அவள் எந்தக் கோயிலுக்குப் போகிறாள் என்று அவர் நினைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா பேரு மேரிதான் சார். ஆனா அடுத்தவங்க வெச்ச பொட்ட அழிச்சேன்னு தெரிஞ்சா ஒரு வேள சோறு போடமாட்டாங்க."

"நல்ல வளர்ப்பு," என்றார் அம்சவேணி.

வேறு வழியில்லாமல் ஜெயக்குமார் தன் பக்கத்துக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கையால் பிடித்துக்கொண்டார். எதிர்காலம் ஷேர் ஆட்டோ மாதிரி ஊர்ந்தது. பக்கத்தில் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், டோர தொறந்துக்கினு போறீங்க. வாலாஜாபாத் சவாரி ஏத்துறீங்களா?" என்றார்.

தேவேந்திரனின் கண் திரையில் இருந்தது. பொட்டுக்குப் பக்கவாட்டில் ஏதாவது வழி இருக்குமா என்று விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தார். முன்னால் பட்டுக்கடைப் பையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்தாள்.

"சார்," என்றாள் சுகாசினி. சத்தமாக இல்லை, ஆனால் கேட்கிற மாதிரி. பிரேக் விழுந்தது. பை கார் மூக்கை உரசியது. அந்தப் பெண் குனிந்து உள்ளே பார்த்து, "கண்ணு எங்கய்யா வெச்சிக்கினு ஓட்டுற?" என்று கேட்டுவிட்டு நடந்துபோனாள். அதைத்தான் சுகாசினி ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள், மரியாதையான தமிழில்.

நடுவில் ஒரு கணம், இப்படியே வேகட்டும், கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியதும் உண்மை. ஆனால் கூட்டம் வரைக்கும் ரோடு இருக்கிறது, ரோட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். மடியிலிருந்த பையைத் திறந்து, கூட்டத்தில் கடைசியாக ஒரு தடவை காட்டலாம் என்று கொண்டுவந்த குமிழ்ப் பெட்டியை எடுத்தாள். ஒயரை இருக்கைகளுக்கு நடுவே இருந்த துளையில் செருகி, பெட்டியை முன்னால் நீட்டினாள்.

"அம்மா, இதக் கொஞ்சம் திருப்புங்க."

அம்சவேணி அப்போது ஜன்னல் வழியாக ஒரு கடையைப் பார்த்து, அவர்கள் போன தீபாவளிக்கு விற்ற சேலைக்குச் சாயம் போன கதையை ஆரம்பித்திருந்தார். பேச்சை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. கை மட்டும் பின்னால் வந்து குமிழைத் திருகியது. டக் டக் என்று சத்தம் வந்தது. சில்லென்று காற்று வந்தது. அவர் சாயத்தைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

ஜெயக்குமார் கதவைச் சாத்தினார். "இது எந்த கம்பெனி சாமான்?"

"நம்மளுது சார். வேணாம்னு ஒதுக்கினது."

கதை முடிந்துதான் அம்சவேணி பெட்டியைப் பார்த்தார். "இத மொதல்லயே காட்டக் கூடாதா? இதுக்கே வெச்சிருப்பேனே," என்று கிண்ணத்தைத் திறந்து நாலு குமிழுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தார். ஜெயக்குமார் எட்டி, பொட்டு கலையாமல் ஓரத்தைப் பிடித்து ஒன்றைத் திருகினார். திரும்பியது. இன்னொரு தடவை திருகினார். பெரிய மனிதர்களுக்கு விளையாட்டுச் சாமான் கிடைப்பது அபூர்வம்.

"தேவேந்திரன்."

"சார்."

"இத வெச்சிட்டு கையெழுத்துக்கு வாங்க. ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

சாயங்காலம் கூட்டம் நடந்தது. திரைக்குக் கீழே நாலு குமிழுக்கு இடம் ஒதுக்கி அச்சு வெட்டப் போயிற்று. சுகாசினி கீழே இறங்கி, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை பிடித்து, யாரும் பார்க்காதபோது கொஞ்சம் சிரித்தாள்.

அடுத்த வருஷம் அறிமுக விழாவில் தேவேந்திரன் மேடையேறினார். "திரை என்பது ஆணவம். குமிழ் என்பது கைகுலுக்கல். மனிதனின் விரல்களுக்கு அவற்றின் கண்ணியத்தை நாங்கள் திருப்பித் தருகிறோம்," என்றார். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. சுகாசினியும் எழுந்து நின்றாள். இந்தத் தடவை அவள் மனசாரத் தட்டினாள்.

கார் விற்பனைக்கு வந்தது. வாங்கியவர்கள் குமிழைத் திருகினார்கள். காற்று வந்தது.