வாசலில் இல்லாத வேப்பிலை

மகன் மிதுனின் முகத்தில் சிவந்த தடிப்புகள் எழும்பிய காலையில் புவனா வாசல் கேட்டில் வேப்பிலை செருகிவைத்தாள். அம்மை கண்ட வீட்டுக்கு அதுதான் அடையாளம். பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள். பல் விளக்கிக்கொண்டே வெளியே வந்த அவள் கணவன் தமிழ்ச்செல்வன் அதைப் பிடுங்கி, உள்கதவுக்குப் பின்னால் கட்டினான்.

“நர்சம்மா துடியலூர் பூராச் சுத்துது. வேப்பிலயப் பாத்துத்தான் ஊட்டக் கண்டுபுடிக்குது. பையனுக்கு அம்மைத் தடுப்பூசி ஏன் போடலைன்னு கேட்டா நீ பதில் சொல்லுவியா?”

ஊசி போட்டால் பிள்ளைக்குக் கை கால் விளங்காமல் போகும் என்று செல்போனில் வந்த ஒரு குரல் பதிவை நம்பியவன் அவன். அதைச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பிவைத்திருந்தான். காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு கண்விழித்துக் கண்விழித்துப் புவனாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஜெனிதா வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். “ஏனுங்க, ஊட்டுல ஆருக்காச்சும் காச்சல், தடிப்புங்களா?”

“இல்லீங்க, எல்லாம் சௌக்கியமுங்க” என்றான் தமிழ்ச்செல்வன்.

“இருந்தாச் சொல்லிப்போடுங்க. பக்கத்துல எட்டு மாசக் கொழந்த இருந்தாலும் இப்பவே ஊசி போட்டுக் காப்பாத்தலாம். தெரிஞ்சாத்தானுங்க போட முடியும்? கை கால் வெளங்காதுன்னு ஒரு குரல் சுத்துதே, பேரு ஊரு ஏதாச்சும் சொல்லுதுங்களா? எம் பையனுக்குப் போட்டேன். செவுரேறிக் குதிக்கறான், புடிக்கத்தான் ஆளில்ல.”

தமிழ்ச்செல்வன் சிரித்துவைத்தான். அவள் நகர்ந்ததும் பட்டறைக்குக் கிளம்பிப் போனான்.

“அம்மணி, பாலு ஒரைக்குத்தறதுக்குக் கொஞ்சம் தயிர் குடு கண்ணு.”

எதிர்வீட்டுக் கிருபாவதி, இடுப்பில் கைக்குழந்தையோடு நேரே உள்ளே வந்துவிட்டாள். கேட் வெறுமையாக இருந்தது, வேறென்ன செய்வாள்? குழந்தையைக் கட்டிலில் இறக்கிவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த மிதுன் இருமினான். குழந்தை அவன் போர்வை நுனியை இழுத்து வாயில் வைத்தது.

“இன்னும் தூங்கறானா சோம்பேறி?”

“ம்.”

புவனா தயிரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். பிள்ளைக்கு அம்மை என்று சொல்லாமலே கிண்ணத்தை நீட்டினாள். கிருபாவதி போன பிறகும், போர்வை நுனியில் இருந்த எச்சில் ஈரத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு கதவுக்குப் பின்னாலிருந்த வேப்பிலையை அவிழ்த்துக்கொண்டு போய்க் கேட்டில் கட்டினாள். உள்ளே திரும்பாமல் அங்கேயே நின்றாள். தெருமுனையில் ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்த ஜெனிதா அதைப் பார்த்தாள். ஸ்கூட்டரை எடுக்காமல் நடந்தே வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தாள் புவனா. அவள் திட்டவில்லை.

“பையனப் பாக்கறனுங்க. அதுக்கு முன்னால, ஊட்டுக்குள்ள ஆரெல்லாம் வந்தாங்க?”

எதிர்வாசலில் கிருபாவதி குழந்தையோடு நின்றிருந்தாள். கேட்டில் புதிதாய்த் தொங்கிய வேப்பிலையை விட்டு அவள் கண்கள் அகலவில்லை.

புவனா அவளைப் பார்க்காமல் கையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள்.

“எட்டு மாசமுங்க” என்றாள்.