முத்துத்தாயின் மனு

மனுக்களைப் பிரித்து, சீல் குத்தி, எண் போட்டு, உரிய மேசைக்கு அனுப்புவது என் வேலை. பதினெட்டு வருஷத்தில் அது எனக்கு நன்றாகவே அலுத்துப்போயிருந்தது. எண்பத்து மூன்றாம் வருஷப் பஞ்சத்தின்போது மட்டும் ஒரு மனுவை நானே எழுதினேன்.

குருவிகுளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முத்துத்தாய் என்ற பெண் சங்கரன்கோவிலில் இருந்த எங்கள் இன்ஜினீயர் ஆபீசுக்கு வந்தாள். அவள் ஊரில் காண்ட்ராக்டர் சண்முகையா அரசாங்கச் செலவில் போட்ட போர் கிணறு ஒரே மாதத்தில் வற்றிவிட்டது. பம்பு மாட்டுவதற்கு முன்பே அவள் கயிற்றில் கல்லைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறாள்.

"நூத்திப்பத்து அடியிலயே கல்லு தரையில தட்டிட்டு அண்ணாச்சி. இருநூறுன்னுல்லா சொல்லுதாவ?"

பைலைப் புரட்டினேன். இருநூறு அடி என்று எழுதி, நேரில் அளந்ததாக எங்கள் இன்ஜினீயர் சங்கரசுப்பிரமணியன் கையெழுத்தும் போட்டிருந்தார். மேலிடத்துக்கு எழுதிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன். பெயர் போடாத மொட்டை மனுவை எந்த ஆபீசிலும் மதிக்கமாட்டார்கள். என் பெயரைப் போட்டால் நான் தொலைந்தேன். அதனால் அவள் பெயரில் கலெக்டருக்கு எழுதி, கைநாட்டு வாங்கி அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த மனு எங்களிடமே திரும்பி வந்தது. மேசை மேசையாக இறங்கி, 'விசாரித்து அறிக்கை அனுப்புக' என்ற குறிப்போடு, அதே இன்ஜினீயருக்கே வந்திருந்தது. அரசாங்கம் நடக்கிற லட்சணம் இது. நான் எழுதிய காகிதத்துக்கு நானே சீல் குத்தினேன்.

அப்போதுதான் கவனித்தேன். பழக்கதோஷம். மனுவின் தலைப்பில் 'பார்வை' என்று போட்டு, அந்த போர் பைலின் எண்ணையும் தேதியையும் அழகாக எழுதியிருக்கிறேன். ஆபீசுக்கு வெளியே இருக்கும் யாருக்கும் அந்த எண் தெரியாது.

இன்ஜினீயர் முத்துத்தாயை வரச்சொன்னார். என் மேசைக்கு எதிரிலேயே விசாரணை.

"இந்த நம்பர எழுதினது யாரு?"

"பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளுய்யா. பேரு தெரியாது."

"பஞ்ச நிவாரண ரோட்டு வேலைக்கு வருதேல்லா? உண்மையச் சொல்லலேன்னா நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அந்தக் கூலியில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"நான்தான் சார் எழுதினேன்."

இன்ஜினீயருக்குக் கோபமே வரவில்லை. "பதினெட்டு வருசமாப் பாக்குத கையெழுத்து தெரியாதாவே எனக்கு? உம்ம வாயால வரட்டும்னுதான் இருந்தேன். அதையே எழுதிக் கொடும்."

எழுதிக் கொடுத்தேன். முத்துத்தாயைப் போகச் சொல்லிவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் அவள் எனக்காக நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஏன் சொன்னிய அண்ணாச்சி? நான் வாயத் தொறந்தேனா?"

"உனக்கு வேல போயிருமே, தாயி."

"போனா வெறகு பெறக்கி வித்துக்கிடுவேன். உங்களயில்லா இங்கனருந்து தூக்கிருவாவ. இனி எங்க மனு வந்தா, அங்கன அதப் படிக்கதுக்கு யாரு இருக்கா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. என் மனசு ஆறுவதை மட்டும்தான் யோசித்திருந்தேன்.