தேயிலை போட்ட பதினேழாம் பாட்டில்

ரோட்னி ஹார்கிரீவ்ஸ் தங்கமான மனிதர் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். என் வாயில் அது வராது.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு சங்கம் உண்டு. மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சர்ச் கூடத்தில் கூடுவோம். ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுபோய், ஒருவர் காய்ச்சியதை இன்னொருவர் குடித்துக் குறை சொல்லிவிட்டுக் கலைவோம். பதினொரு வருடமாக ரோட்னிதான் தலைவர். இருபத்து மூன்று பேரில் பெண் நான் ஒருத்தி. பகலில் லீட்ஸுக்கு பஸ் ஓட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை பீர் காய்ச்சுகிறேன். போன வருடம் அதில் தேயிலை போட ஆரம்பித்தேன். பிடித்தது சனி.

முதல் தடவை நான் செய்தது யார்க்‌ஷைர்க்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். எங்களுக்கு டீ என்றால் கறுத்து, நாக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் துணியில் கட்டிய தேயிலையை நான்கு நாள் பீருக்குள்ளேயே விட்டுவிட்டேன். என் கணவன் டெஸ்மண்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, "வாய்க்குள்ள செருப்பு வச்ச மாதிரி இருக்கு" என்றான். இருபது லிட்டரும் சாக்கடைக்குப் போயிற்று. அப்புறம் படிப்படியாகக் கற்றுக்கொண்டேன். நுரைத்து அடங்கிய பீரில், குளிர்ச்சியாக இருக்கும்போது, நாரத்தங்காய்த் தோல் மாதிரி மணக்கும் ஏர்ல் கிரே என்ற தேயிலையைப் பதினெட்டு மணி நேரம் போட்டு எடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூடக் கூடாது.

கூட்டத்துக்குக் கொண்டுபோய், தேயிலை போட்டது என்று சொன்னேன். ரோட்னி பாட்டிலைத் தொடக்கூட இல்லை.

"இதுல பால் ஊத்தணுமா, இல்ல அப்படியே குடிக்கலாமாம்மா லொரெய்ன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

"பிஸ்கட் எங்க? தொட்டுக்க ஒண்ணும் கொண்டு வரலியா?"

அதற்கும் சிரித்தார்கள். ஒரு வருடம் முழுக்க இதே கதைதான். நான் உள்ளே நுழைந்தாலே யாராவது டீக்குக் கெட்டிலைப் போடச் சொல்வார்கள். ரோட்னியோ அந்த ஒரு வருடத்தில் ஒரு சொட்டுகூடக் குடித்துப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குடித்துவிட்டுத் திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மே மாதம் வருடாந்தரப் போட்டி வந்தது. ஜெயிக்கிற பீரை மார்க்கெட் சதுக்கத்துப் பப்பில் கோடை முழுவதும் விற்பார்கள். பப்புக்குப் பின்னாலேயே பீர் ஆலை வைத்திருக்கும் இமோஜன்தான் அதைப் பெரிய அளவில் காய்ச்சுவாள். பீர் ஊற்றும் குழாயின் பிடியில் மாட்டும் அட்டையில் காய்ச்சியவரின் பெயர் இருக்கும். நான் இருபத்திரண்டு வருடமாக பஸ் ஓட்டுகிறேன். என் சட்டையில் இருப்பதுகூட நம்பர்தான். அந்த அட்டையில் என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பேராசை.

போட்டிக்கு வரும் பாட்டில்களில் லேபிள் இருக்கக்கூடாது, மூடியில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. எல்லாம் ஒரே மாதிரிப் பழுப்பு பாட்டில், கழுத்தில் ஒரு நம்பர் மட்டும். என்னென்ன போட்டோம் என்பதைப் படிவத்தில் எழுதி, செயலாளர் ஜீனெட்டிடம் உறையில் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்பது விதி. அந்த விதியை எழுதியவரே ரோட்னிதான். நானும் எழுதினேன். தேயிலை, இத்தனை கிராம், பதினெட்டு மணி நேரம். ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தீர்ப்பு. பெயரைச் சொல்வதற்கு முன் நடுவரின் குறிப்பை உரக்கப் படிப்பது வழக்கம். நடுவர் வேறு யார், ரோட்னிதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"பதினேழாம் நம்பர். ஐம்பதுக்கு நாற்பத்து நான்கு. பதினொரு வருடத்தில் நான் கொடுத்த அதிகபட்ச மதிப்பெண். மணத்துக்கும் கசப்புக்கும் போடும் ஹாப்ஸ் பூவை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்தவரின் கைவேலை. எலுமிச்சைத் தோல் போன்ற மணம், சுத்தமான துவர்ப்பு. பீருக்குள் சமையலறையைக் கொட்டுகிறவர்கள் இதைக் குடித்துப் பாடம் படிக்கட்டும்."

கடைசி வரியைப் படிக்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே படித்தார்.

ஜீனெட் உறையைப் பிரித்தாள். ஒரு தடவை பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "லொரெய்ன் ஆக்ராய்ட்" என்றாள். பிறகு சன்னமான குரலில், "ஏர்ல் கிரே தேயிலை" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. கூடத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ரோட்னியின் காது சிவந்துவிட்டது.

"நம்பர் மாறிப்போயிருக்கும்" என்றார்.

"மாறல" என்றாள் ஜீனெட்.

"அப்படின்னா கமிட்டி உக்காந்து பேசணும்."

என்ன பேச வேண்டும்? ஒரு வருடம் என்னைக் கேலி செய்த வாய், அதே பீரைக் குடித்துவிட்டு ஆகா ஓகோ என்று எழுதியிருக்கிறது. கையெழுத்தும் போட்டிருக்கிறது. இதில் பேச என்ன இருக்கிறது? வீட்டுக்குப் போய் டெஸ்மண்டிடம் கத்தித் தீர்த்தேன். பாவம், அவன் என்ன செய்வான்.

புதன்கிழமை மதியம் பப்புக்குக் கூப்பிட்டார்கள். ரோட்னியும் இமோஜனும் இருந்தார்கள். மேஜையில் அச்சடித்த அட்டை ஒன்று கிடந்தது. பச்சைப் பின்னணி, தங்க எழுத்து. லொரெய்ன் ஆக்ராய்டின் பிட்டர். பிட்டர் என்றால் எங்கள் பக்கத்துக் கசப்பு பீர்.

"பரிசு உனக்குத்தான்மா. நான் ஒண்ணும் மோசக்காரன் இல்ல" என்றார் ரோட்னி. "ஒரே ஒரு சின்ன மாத்தம். தேயிலைய மட்டும் விட்டுட்டுக் காய்ச்சுவாங்க. டீ போட்ட பீர்னா இங்க எவனும் தொட மாட்டான்."

நான் இமோஜனைப் பார்த்தேன். "நீ குடிச்சுப் பாத்தியா?"

"ரெண்டு கிளாஸ்."

"எப்படி இருந்துச்சு?"

"பிரமாதமா இருந்துச்சுக்கா. ஆனா இவர் இத்தன வருஷமாப் பாக்கறவரு, விக்காதுன்னு சொல்றாரு. பெரிய அளவுல காய்ச்சுறப்ப எனக்கும் பயமா இருக்குல்ல."

"பேர் உன் பேர்தானே இருக்கு. பேரு வேணும்னுதானே இத்தன பாடு?" என்றார் ரோட்னி.

ஆமாம், பேர் வேண்டும்தான். அட்டையைக் கையில் எடுத்தேன். எழுத்தை விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோடை முழுக்க என் பயணிகளெல்லாம் அதைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு, ரோட்னி சொன்னபடி தேயிலை இல்லாமல் காய்ச்சிய பீரைக் குடிப்பார்கள்.

பேனாவை எடுத்து என் பெயரை அடித்தேன். மேலே ரோட்னி ஹார்கிரீவ்ஸ் என்று எழுதி அவர் பக்கம் தள்ளினேன்.

"தேயிலை வேண்டாம்னு சொன்னது நீங்கதானே. உங்க பேரையே போட்டுக்குங்க."

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது எப்படிம்மா? அது என் பீர் இல்லையே" என்றார்.

"என்னுதும் இல்ல."

அந்தக் கோடையில் அந்தக் குழாயில் ஏதோ ஒரு கம்பெனியின் லாகர் பீர் ஓடியது. யார் பெயரும் இல்லை. வீட்டுக்கு வந்து நான் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன். டெஸ்மண்ட் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவ்வளவு ஆசப்பட்ட பேரை விட்டுக் குடுத்துட்டு வந்துட்டியே" என்றான்.

"எங்க விட்டுக் குடுத்தேன்? அந்தத் தண்ணிக்குத் தர மாட்டேன்னுட்டு வந்திருக்கேன்."